நியூத்திரினோ ஆய்வும் மக்களின் சம்மதமும்

சீனாவின் தென்பகுதியில் ஜியாங்மென் நகருக்கு அருகே, நிலத்தின் கீழ் 700 மீற்றர் ஆழத்தில் அமைந்துள்ள ஜூனோ நியூத்திரினோ ஆய்வுகூடம் 2025 ஓகஸ்ட் மாதத்தில் இயங்கத் தொடங்கி, நவம்பரில் தனது முதல் முடிவுகளை வெளியிட்டது. மூவகை நியூத்திரினோக்களின் நிறைகள் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்பதைக் கண்டறிவதே அதன் முதன்மை நோக்கமாகும். இதே கேள்விக்கு விடை தேடவென்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் ஓர் ஆய்வுகூடம் திட்டமிடப்பட்டிருந்தது. அது இன்றுவரை கட்டப்படவில்லை. அதற்கான காரணங்கள் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விடயமன்று. பெருந்திட்டங்களின் விளைவுகளை நேரிற் கண்ட கிழக்கிலங்கைக் கரையோர மக்களும் ஆராய வேண்டியவை அவை.

நியூத்திரினோ என்பது மின்னேற்றமற்ற, மிக நுண்ணிய நிறையுடைய அடிப்படைத் துணிக்கையாகும். சூரியனில் இருந்து மட்டும் ஒவ்வொரு விநாடியும் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் ஊடாக ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் கடந்து செல்கின்றன. அவை நமது உடலையும் பூமியையும் எவ்விதத் தாக்கமுமின்றி ஊடுருவிப் போகின்றன. துணிக்கைப் பௌதிகவியலின் நியம மாதிரியுரு அவற்றுக்கு நிறையே இல்லையெனக் கொண்டிருந்தது. ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே ஆய்வு 1998 இல் அவற்றுக்கு நிறை உண்டு என்பதை உணர்த்தியது. நாம் அறிந்த கோட்பாடுகளுக்கு அப்பால் புதிய பௌதிகம் உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாகும். இக்கண்டுபிடிப்புக்காக 2015 இல் கஜித்தாவுக்கும் கனடாவின் மக்டொனால்டுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறை இந்தியாவுக்குப் புதியதன்று. கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூத்திரினோக்கள் 1965 இலேயே அவதானிக்கப்பட்டன. அம்மரபைத் தொடரும் நோக்குடன் முதலில் நீலகிரியின் சிங்காரா தெரிவு செய்யப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை அண்டியிருந்தமையால் 2009 இல் அவ்விடம் கைவிடப்பட்டது. அதன்பின் தேனியின் பொட்டிப்புரம் தெரிவாகி, 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபா செலவிலான திட்டத்துக்கு இந்திய மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காந்தமேற்றப்பட்ட 50,000 தொன் இரும்பைக் கொண்ட உணர்கருவியை மலையின் அடியில் நிறுவுவதும், அதற்கென ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளச் சுரங்கப்பாதை குடைவதும் திட்டமாகும். விண்ணிலிருந்து வரும் ஏனைய கதிர்களைத் தடுத்து நிறுத்த மலையின் பாறை தேவைப்பட்டது.

எதிர்ப்பு உடனடியாகவே எழுந்தது. அதில் இருவகை அச்சங்கள் கலந்திருந்தன. நியூத்திரினோ கதிர்வீச்சை உண்டாக்கும், அங்கே அணுக்கழிவு புதைக்கப்படும் என்பது ஒன்று. இதற்கு விஞ்ஞான அடிப்படை இல்லை. பாறை தகர்ப்பும் தூசியும் நீரூற்றுகளையும் காட்டையும் பாதிக்கும், மேற்கு மலைத்தொடரின் விலங்குகளது வழித்தடம் குலையும் என்பது மற்றையது. இது நியாயமான கேள்வி. அதற்கு ஆய்வும் ஆதாரமும் கொண்டே விடையளிக்க வேண்டும். திட்டத்தின் ஆதரவாளர் பலர் முதல் அச்சத்தை மறுத்துவிட்டு இரண்டாவதையும் அறியாமையென ஒதுக்கினர். எதிர்த்தோரிற் சிலரோ இரண்டாவதன் நியாயத்தைக் கொண்டு முதலாவதையும் பரப்பினர். இவ்வாறு உண்மையும் வதந்தியும் பிரித்தறிய முடியாதவாறு கலந்தன.

பின்னர் நடந்தவை எதிர்பார்க்கத்தக்கவையே. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 இல் சுற்றுச்சூழல் அனுமதியை இடைநிறுத்தியது. மத்திய அமைச்சு 2018 இல் விசேட விடயமாகக் கருதி மீண்டும் அனுமதி வழங்கியது. இறுதியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்துக்குத் தான் அனுமதியளிக்க முடியாதென 2022 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. மதுரையில் இயங்கும் 85 தொன் மாதிரி உணர்கருவியே அப்பெருங்கனவில் எஞ்சியது. மலை காப்பாற்றப்பட்டதில் மகிழ்வோர் உளர். அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும் தமிழ் மாணவர் தம் மண்ணிலேயே உலகத்தரமான ஆய்வில் ஈடுபடும் வாய்ப்பு கைநழுவியதையும் மறைத்தல் ஆகாது.

மருதமுனை முதல் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் வரையிலான கரையில் வாழ்வோருக்கு இது தூரத்துச் செய்தியன்று. டென்மார்க்கின் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. அதன் வடக்கே கடல் நிலத்தை அரித்து நிந்தவூர் வரை சென்றது. தென்னந்தோப்பும் தோணி இழுக்கும் கரையும் இழந்த மக்களிடம், பொறியியலாளரை நம்புங்கள் என்று மட்டும் கூறினால் அது எடுபடாது. தேனி மக்களின் ஐயத்தை அவர்கள் நன்கறிவர். எனினும் அந்த ஐயத்தை ஆதாரத்துடன் முன்வைக்கும் ஆற்றல் இல்லாவிடின் அது வதந்தியாளரின் கையிலேயே சென்று சேரும்.

அந்த ஆற்றல் தாய்மொழியில் பெறும் விஞ்ஞானக் கல்வியிலேயே பிறக்கின்றது. காரைதீவு ஈன்ற சுவாமி விபுலானந்தர் தமிழறிஞர் என்றே பெரிதும் போற்றப்படுகின்றார். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்குவதில் முன்னின்று உழைத்தவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கன. இன்று அப்பணியைத் தொடர வழிகள் உள்ளன. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகின்றது. இலங்கை 2017 இல் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வு நிறுவனத்துடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துள்ளது. அந்நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளில் ஒரு பகுதி 2014 முதல் யாவருக்கும் இலவசமாகத் திறந்துள்ளது. விண்கதிர்த் துணிக்கைகளின் தடத்தைக் கண்ணாற் காட்டும் முகிலறையை உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்திலேயே செய்யலாம்.

கல்முனைப் பிராந்தியத்தின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் இதில் ஒன்றிணைவது இரு சமூகங்களுக்கும் நன்மை பயக்கும். துணிக்கை எது, பாறைத் தூசி எது எனப் பிரித்தறியும் சமூகமே, எதற்கு இணங்குவது, எதை மறுப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும். அரசுகளும் விஞ்ஞானிகளும் அச்சமூகத்திடம் அதன் மொழியில் பேச வேண்டியது இடம் குறிக்கப்படும் முன்னரே அன்றி, வழக்கு நீதிமன்றம் சென்ற பின்னரல்ல.