உள்ளே புகும் பகையும் ஊன்றி நின்ற வினாவும்

கல்லூரி விழா மலர் ஒன்றைப் புரட்டுவோர் அதிற் பழைய மாணவர் பெற்ற பதவிகளின் வரிசையைக் காண்பர். வைத்தியர் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், நியாயவாதிகள் இத்துணையர் என எண்ணி மகிழ்தல் இயல்பே. அதனை நாம் குறை கூறோம். ஆயின், ஒரு வினாவைத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியும் விடாது பற்றி நின்றோர் எத்துணையர் என எண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. அவ்வழக்கம் வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாகப் பிரான்சு நாட்டு நுண்ணுயிரியல் அறிஞர் பஸ்கால் கொசார் அம்மையாரின் ஆய்வு வாழ்க்கையைக் கொள்வோம்.

அம்மையார் 1948ஆம் ஆண்டில் வட பிரான்சிலுள்ள காம்பிறே நகரிற் பிறந்தார். லில் நகரில் இரசாயனம் கற்றார். அமெரிக்காவின் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும், 1977இல் பாரிசிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தில் ஆய்வாளராய் அமர்ந்த அவர், 1986 முதல் லிஸ்ரீரியா என்னும் பற்றீரியாவைத் தம் ஆய்வுப் பொருளாக்கினார்.

லிஸ்ரீரியா மண்ணிலும் அழுகும் இலைகுழைகளிலும் வாழ்வது. குளிர்ப்பெட்டியின் 4 பாகை வெப்பநிலையிலும் பெருகுவது. உணவுடன் உட்சென்று, கருப்பவதிகளுக்கும் சிசுக்களுக்கும் முதியோர்க்கும் உயிர்க்கேடு விளைப்பது. நம் குருதியிலுள்ள வெண்கலங்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிப்பன. லிஸ்ரீரியாவோ விழுங்கப்பட்டும் அழியாது, கலத்தினுள்ளேயே பெருகுகின்றது. காவலன் வீட்டிற் கள்வன் குடியிருப்பது போன்ற இந்நிலை எங்ஙனம் இயல்வதாயிற்று? அம்மையார் பற்றிக்கொண்ட வினா இதுவே.

விடை ஒருநாளிற் கிடைத்ததன்று. பற்றீரியா கலத்தினுட் புகத் துணையாகும் இன்ரேர்ணலின் என்னும் புரதம் 1991இல் அறியப்பட்டது. உட்புகுந்த பற்றீரியா தன்னை மூடிய மென்சவ்வைத் துளைத்து வெளிவந்து, கலத்திற்கே உரிய அக்ரின் என்னும் புரதத்தை வால்போலத் திரட்டி, அதன் உந்துதலால் அடுத்த கலத்திற் பாய்கின்றது. இவ்வியக்கத்திற்கு வேண்டிய பற்றீரியாப் புரதம் 1992இல் தெளிவாயிற்று. இன்ரேர்ணலின் பற்றிக்கொள்ளும் கதவு, கலத்தின் மேலுள்ள ஈ-கதெரின் என்னும் புரதமே என்பது 1996இல் வெளிப்பட்டது.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. மனிதரை உணவு வழியே தாக்கும் இப்பற்றீரியா, சுண்டெலிகளை அவ்வழியே எளிதிற் தாக்குவதில்லை. 1999இல் அம்மையாரும், மார்க் லெக்குவி முதலிய உடனாய்வாளரும் காரணம் கண்டனர். ஈ-கதெரினின் 16ஆம் இடத்தில் மனிதர்க்குப் புரோலீன் என்னும் அமினோ அமிலமும், சுண்டெலிக்குக் குளூற்றாமிக்கமிலமும் அமைந்துள்ளன. வேறுபாடு ஒன்றே, அதனாற் கதவு திறவாதாயிற்று. மனித ஈ-கதெரினைக் குடலிற் பெற்ற சுண்டெலிகளை உருவாக்கி, அவை உணவு வழியே நோயுறுவதை 2001இற் காட்டினர். அரம், அறம் என்னுஞ் சொற்களில் ஓரெழுத்து மாறப் பொருள் முற்றும் மாறுவதை நாடோறும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இச்செய்தி அயலானதன்று. ஓரெழுத்தையும் புறக்கணியாது நோக்கும் பயிற்சி, ஏட்டிற்கும் ஆய்வுகூடத்திற்கும் பொதுவானது.

இத்துணை ஆண்டு உழைப்பால் விளைந்த பயன் யாது எனச் சிலர் வினவுவர். நோய் ஒழிந்ததா எனின், இல்லை. 2017-2018இல் தென்னாபிரிக்காவிற் பதனிட்ட இறைச்சியால் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் இந்நோயுற்றனர். இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். இதனை மறைத்தல் தகாது. ஆயினும் பயனை நோயொழிப்பு ஒன்றனாலேயே அளத்தல் பொருந்தாது. லிஸ்ரீரியா எங்ஙனம் நகர்கின்றது என ஆராய்ந்த பிற அறிஞர், கலங்கள் அக்ரின் இழைகளை ஆக்கும் முறையில் ஒரு முக்கிய பகுதியை 1997இல் விளக்கினர். பகைவனைப் பின்தொடர்ந்து சென்றோர் நம் வீட்டின் அமைப்பையே கண்டு மீண்டனர். முன்னரே பயனைக் கணக்கிட்டு வினாவைத் தெரிந்திருப்பின் இது கிட்டியிராது.

மற்றொன்றும் கருதற்பாலது. இரசாயனம் பயின்ற அம்மையார் பற்றீரியாவியலை நாடினார். அதன்பின் கலத்தின் இயல்பைக் கற்றார். பற்றீரியாவை ஆய்வோரும் கலத்தை ஆய்வோரும் தத்தம் வேலிக்குள் நின்ற காலத்தில், அவ்வேலியிற் பொட்டு வைத்தோருள் அவரும் ஒருவர். 1996இல் அவரும் வேறு மூவரும் அப்புதுத் துறைக்குக் கல நுண்ணுயிரியல் எனப் பெயரிட்டு எழுதினர். 2016இற் பிரான்சு அறிவியற் கழகத்தின் நிரந்தரச் செயலாளருள் ஒருவரானார். பதவி அவரைத் தேடி வந்தது. அவர் தேடியது வினாவின் விடையை.

நம் மாணவரோ உயர்தர வகுப்பிற் சேரும்பொழுதே ஒரு பிரிவினுள் அடைபடுகின்றனர். விஞ்ஞானம் பயில்வோன் தமிழை மறக்கின்றான். கலை பயில்வோன் நுணுக்குக்காட்டியைத் தொடுவதில்லை. பரீட்சைக்கு வாராத வினாவை வகுப்பில் எழுப்புவோன் நேரத்தை வீணாக்குவோன் எனப்படுகின்றான். இதற்கு ஆசிரியராகிய நாமும், பெற்றோரும், பெறுபேறுகளை மட்டும் கொண்டாடும் பழைய மாணவரும் பொறுப்பாவோம்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அதிக புள்ளி பெற்றோர்க்குப் பரிசில்கள் பல உள. எப்பிரிவினராயினும், தாமே எழுப்பிய ஒரு வினாவை ஓராண்டு விடாது ஆராய்ந்து, கண்டதையும் காணாததையும் நேர்மையாக எழுதித் தரும் மாணவர் ஒருவர்க்கு ஆண்டுதோறும் ஒரு பரிசில் நிறுவுங்கள். அதற்குப் பெருந்தொகை வேண்டா. தேர்வோர் மாணவர் கண்ட முடிவினும் அவர் தேடிய முறையையே நோக்குக. மாணவர்காள், உங்களுக்குச் சொல்வதும் இதுவே: வினா சிறிதாயினும் உங்களதாக இருக்கட்டும், விடை தாழ்க்கினும் அதனைக் கைவிடாதீர்.