குறையையும் சொல்லி வீடு கொடுப்போம்

ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்மன் கோயிலிலே கொடியேறிவிட்டால், குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடமிராது. இரு வாரங்கள் அளவில் நடைபெறும் அப்பெருந்திருவிழாவுக்குக் குடாநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் அடியார்கள் வந்து குவிகின்றனர். காலையில் வந்து மாலையில் திரும்புவோரே பலர். எனினும், குடும்பத்தோடு இரண்டு மூன்று நாட்கள் தங்க விரும்புவோரும் உளர். அத்தகையோருக்கு ஓர் அறையையோ வீட்டையோ வாடகைக்கு விட்டு நாலு காசு தேடிக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. விடும்போது அவ்வீட்டின் குறைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோமா என்பதே நாம் இங்கு கேட்பது.

கைப்பேசியில் வரும் விளம்பரப் படத்தில் கடல் தெரிகிறது, பனைமரம் தெரிகிறது, முற்றத்து நிழலும் தெரிகிறது. கிணற்று நீரின் உவர் மட்டும் தெரிவதில்லை.

தீவகத்தின் தண்ணீர்க் கதை யாவரும் அறிந்ததே. சுண்ணாம்புக் கல் நிலத்திலே ஊறி இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் அது நிற்கும். மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிற்றான். ஆனியிலோ கிணறுகள் வற்றும் காலம். எனவே, விருந்தினர் மிகுதியாக வரும் நாட்களும் நீர் மிகவும் கெட்டிருக்கும் நாட்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மார்கழியில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு "எங்கள் கிணறு நல்ல தண்ணீர்" என்று ஆனியில் சொல்பவர் பொய் சொல்லவில்லைத்தான். அவர் சொல்வது உண்மையும் அன்று.

இதை எப்பொழுது சொல்வது? அச்சவாரம் வாங்குமுன், வருபவர் தம் ஊரைவிட்டுப் புறப்படுமுன் சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரில் ஓர் அறை பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். நயினாதீவிலோ பொழுதுபட்டபின் வழக்கமான படகோட்டம் இல்லை. மாலையில் வந்திறங்கியவர் விடியும்வரை நாம் கொடுத்த இடத்திலேதான் இருந்தாக வேண்டும். போக வழியற்ற ஒருவரிடம் "இங்கே தண்ணீர் கொஞ்சம் உப்புத்தான்" என்று சிரித்துக்கொண்டு சொல்வதை நாம் நேர்மை என்று கொள்ளமாட்டோம்.

வெறும் வசதிக்குறைவு வேறு, ஆபத்து வேறு. நிறைமாதக் கர்ப்பிணியோ இருதய நோயாளரோ வருவதாயின், முதலில் சொல்லவேண்டியது வைத்திய வசதியைப் பற்றியே. தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும், பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் கடலைத் தாண்டி, புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கே போகவேண்டும். சோளகக் காற்று வீசும் ஆனியில், இரவிலே அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்பது தீவாருக்குத் தெரியும். அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவருக்கு அது எங்ஙனம் தெரியும்?

இவற்றையெல்லாம் ஒரு வீட்டு அம்மையாரிடம் நாம் கூறியபோது, "மாஸ்டர், தண்ணி உப்பெண்டு சொன்னா ஆர் வரப்போகினம்? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுகினமோ?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான், அவர் அந்த வாடகையை நம்பியிருப்பவர். ஆனால், குறையோடு அதற்கான பரிகாரத்தையும் சேர்த்துச் சொல்லலாமே. "குளிக்கக் கிணற்று நீர்; குடிக்கவும் சமைக்கவும் நன்னீர் நாளுக்கு இத்தனை குடம் தருவோம்; கைக்குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் கொண்டுவாருங்கள்" என்று சொன்னால் வர விரும்புபவர் ஆயத்தத்தோடு வருவார். அதைக் கேட்டு வராமல் விடுபவர், வந்திருந்தால் மூன்று நாளும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பண்டைய உரோமச் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள், மாடு குதிரைகளையும், அக்காலக் கொடுமைக்கேற்ப அடிமைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென ஆணையிட்டிருந்தனர். மறைத்து விற்றால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த மரபில் வந்த உரோம டச்சுச் சட்டமே இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படை. மாட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். பாழாய்ப்போன திருவிழா நாளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? மூன்று நாள் தங்குபவர் வழக்காடப் போவதில்லை என்பதாலேயே பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரைச் சேருகின்றது.

எல்லாக் குறையும் எல்லார்க்கும் குறையன்று. விடியற்காலை ஒலிபெருக்கி ஒருவருக்குத் துயிற்கேடு. மற்றொருவர் அதைக் கேட்பதற்கென்றே வருகிறார். அதையும் சொல்லிவிட்டால் அவரவர் முடிவு செய்துகொள்வர். நாகதீப விகாரைக்கு வரும் சிங்கள மக்களும் சிலவேளை தங்க இடம் தேடுவதுண்டு. "இது குடிநீர் அன்று" என்னும் பலகை தமிழில் மாத்திரம் தொங்கினால் அவர்களைப் பொறுத்தவரை அது சொல்லாததே.

விருந்தினருக்கும் ஒரு சொல். நால்வர் என்று சொல்லி அறை பேசிவிட்டு, மாமி, மச்சாள், பிள்ளைகள் என ஒன்பதின்மராய் வந்திறங்குவதும் உண்மையை மறைப்பதேயாகும். நால்வருக்கு இறைத்தால் தாங்கக்கூடிய கிணறு ஒன்பதின்மருக்கு இறைத்தால் உவர்த்துப்போகும். அவர்கள் படகேறிய பின்பும் அந்த உப்பு நீரை அள்ளுபவர் வீட்டுக்காரரே.