துறைமுக நகரின் குரலும் கேட்பாரற்ற அம்பாவும்

மொன்றியல் துறைமுகம் பல இனத்தாரையும் அவர்தம் பாட்டுக்களையும் கரையிறக்கிய துறை. அந்நகரிற் பிறந்த கறுப்பினப் பாடகி அலிசன் ரஸ்ஸல், 2024ஆம் ஆண்டுக் கிராமி விழாவில் சிறந்த அமெரிக்க வேரிசை நிகழ்த்துகைக்கான விருதினைப் பெற்றார். 2015இல் முதன்முதலாக வழங்கப்பட்ட விருது அது. வெற்றிபெற்ற 'ஈவ் வாஸ் பிளாக்' என்னும் பாடல் நிறவெறியை நேர்நின்று சாடுகின்றது. அவர் மீட்டும் பாஞ்சோ, அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர் உருவாக்கிய வாத்தியம். கேலிக்கூத்து மேடைகளில் ஏளனத்துக்கு உள்ளானதும் அதுவே.

ஈழத்தமிழ்ப் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், உடை, விருந்து எனப் பெரும்பணம் செலவாகின்றது. (கடன்பட்டுச் செய்வோரும் உளர்.) பரதமும் கர்நாடக இசையும் கற்பதிற் தவறில்லை. ஆயினும் வலை இழுக்கையில் வடக்கு, கிழக்குக் கடற்றொழிலாளர் பாடிய அம்பாப் பாடலும், மட்டக்களப்பின் வசந்தன் கூத்துப் பாடலும், பறையும் அந்த மேடைக்கு உரியனவல்ல என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சாதியிலிருந்து என்பது பலருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தயக்கம். கடல் கடந்தும் அத்தயக்கம் கூடவே வந்துவிட்டது.

ஊர்க் கடற்கரையில் அம்பா கேட்டு வளர்ந்தோர் இன்று அப்பப்பா, அம்மம்மா ஆகிவிட்டனர். இளையோர் கையிலுள்ள தொலைபேசியே போதுமான ஒலிப்பதிவுக் கருவி. இந்தக் குளிர்கால விடுமுறையிலேயே அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவுசெய்யலாம். மறந்த வரிகளை வற்புறுத்த வேண்டாம். பாடலுடன் பாடியவரின் ஊரையும் தொழிலையும் மறைக்காது எழுதிவைத்தல் வேண்டும்.