வீட்டுக் கணக்கு: 23-ம் தேதி தீர்ந்துபோன இன்டர்நெட்

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அந்த வீட்டில் காலை ஆறு மணிக்கெல்லாம் சுருதிப் பெட்டி சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பாட்டு டீச்சரான அந்த வீட்டு அம்மாவுக்கு முதல் வகுப்பு அப்போதுதான். மாணவி இருப்பது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். அங்கே முந்தைய நாள் மாலை ஏழரை மணி.

அன்று 23-ம் தேதி. ஜண்டை வரிசை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மாணவியின் முகம் திரையில் அப்படியே உறைந்தது. குரல் துண்டு துண்டாக வந்தது. பிறகு அதுவும் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

டீச்சர் வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். மொட்டை மாடிக்குப் போய், அங்கே மாட்டியிருந்த ஏர் ஃபைபர் பெட்டி காற்றில் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழே வந்ததும் கோபம் முழுவதும் பிளஸ் டூ படிக்கும் மகன் மேல் திரும்பியது.

"ஏண்டா, ராத்திரி பூரா கேம் ஆடி எல்லாத்தையும் தீர்த்துட்டியா?"

"நான் ஒண்ணும் ஆடலைம்மா. பத்து மணிக்கே படுத்துட்டேன்."

"போன மாசமும் இதே தேதிக்குத்தான் இப்படி ஆச்சு. அப்பவும் இதையேதான் சொன்னே."

அப்பா பஞ்சாயத்துக்கு வந்தார். விசாரணை எதுவும் இல்லை. லேப்டாப் பீரோவுக்குள் போனது, சாவி அவர் பாக்கெட்டுக்குப் போனது.

அன்று இரவு ஹூஸ்டனிலிருந்து மாணவியின் அம்மா வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். "டீச்சர், மாசக் கடைசியில ஒவ்வொரு தடவையும் இப்படியே ஆகுது. பொண்ணு ரொம்ப சோர்ந்து போறா. கொஞ்ச நாள் நிறுத்திட்டு அப்புறம் பார்க்கலாமா?" மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். ஆனால், அந்த ஒரு வகுப்பு போனால் அவர் சொல்லி வந்த இன்னும் இரண்டு பிள்ளைகளும் போய்விடுவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும்.

அன்லிமிடெட் என்றால் என்ன?

மறுநாள் சர்வீஸ் செய்ய ஒரு இளைஞர் வந்தார். பெட்டியைக்கூட தொடவில்லை. தன் போனில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னார்.

"லைன்ல ஒண்ணும் குறை இல்லம்மா. உங்களுக்கு மாசம் ஆயிரம் ஜி.பி. அது முடிஞ்சு போச்சு. இனிமே ஒண்ணாம் தேதிதான் பழைய வேகம் வரும்."

"அன்லிமிடெட்னு சொல்லித்தானே தம்பி கொடுத்தீங்க?"

"அன்லிமிடெட்தாம்மா. நெட் நிக்கலையே, வேகம்தானே குறைஞ்சிருக்கு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வீட்டு இன்டர்நெட் திட்டங்களில் 'எஃப்.யு.பி.' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்று அதற்கு அர்த்தம். மாதத்துக்கு இத்தனை ஜி.பி. வரை முழு வேகம். அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்து போகாது. ஆனால், 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் வந்துகொண்டிருந்தது, திட்டத்தைப் பொறுத்து 4 ஆகவோ 2 ஆகவோ, சிலவற்றில் அதற்கும் கீழேயோ சுருங்கிவிடும்.

தண்ணீர்க் கணக்காகப் பார்த்தால் சுலபமாகப் புரியும். எம்.பி.பி.எஸ். என்பது குழாயின் அகலம். ஜி.பி. என்பது தொட்டியின் கொள்ளளவு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது குழாயின் அகலம் மட்டும்தான். குழாய் அகலமாக இருந்தால் தொட்டி சீக்கிரம் காலியாகும் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஃபைபர் கேபிள் வழியாக வரும் பல திட்டங்களில் மாத வரம்பு 3,300 ஜி.பி. வரை இருக்கிறது. சாதாரணக் குடும்பம் இதைத் தீர்ப்பது கடினம். ஒரே ஒரு டி.வி.யில் ஹெச்.டி. தரத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் படம் ஓடினாலும் மிச்சம் இருக்கும். ஏர் ஃபைபர் திட்டங்களில்தான் 1,000 ஜி.பி. வரம்பு பரவலாக இருக்கிறது. விலை குறைந்த திட்டங்களில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். மாசக் கடைசியில் வட்டம் சுற்றுவது பெரும்பாலும் இந்த வீடுகளில்தான்.

பழைய அலாரம் ஞாபகம் இருக்கிறதா?

இந்த வரம்பு புதிதல்ல. 2005-ல் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' பிராட்பேண்ட் வந்தபோது, குறைந்த கட்டணத் திட்டத்தில் மாதத்துக்குக் கிடைத்தது 400 எம்.பி. இன்று ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கே அது போதாது. அப்போது வரம்பைத் தாண்டினால் வேகம் குறையாது, ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு ஏறும். விஷயம் தெரியாமல் பாட்டும் படமும் இறக்கிவிட்டு, மாச முடிவில் ஆயிரக்கணக்கில் பில் வந்து தலையில் கை வைத்தவர்கள் ஏராளம்.

பிறகு சில திட்டங்களில் அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணி வரை கணக்கில்லை என்ற சலுகை வந்தது. அன்றைய கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்குக்கூட வைக்காத அலாரத்தை இரண்டு மணிக்கு வைத்து எழுந்து, டவுன்லோடைத் தட்டிவிட்டு மறுபடி படுத்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று அப்பா அம்மாக்கள்.

அன்று வரம்பு மீறினால் பில்லில் தெரிந்தது. இன்று பில் மாறுவதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. அதனால் வரம்பு முடிந்தது தெரியாமல் மழையையும் மோடத்தையும் பிள்ளையையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

யார் தீர்த்தது?

சர்வீஸ் இளைஞர் போன பிறகு, மகன் அப்பாவின் போனை வாங்கினான். வைஃபை பெட்டிக்கான ஆப்பைத் திறந்தான். எந்தச் சாதனம் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று அதில் பட்டியல் இருந்தது. முதல் இடத்தில் ஹால் டி.வி. இரண்டாவது வாசல் கேமரா. மூன்றாவது கொல்லைப்புறக் கேமரா. அவனுடைய லேப்டாப் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது.

தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதும் அப்பா ஆசையாக வாங்கி மாட்டிய கேமராக்கள் அவை. காட்சியை மெமரி கார்டில் சேமிக்காமல் இருபத்து நான்கு மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இறக்குவது மட்டும்தான் கணக்கில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதையும் சேர்த்தே எண்ணுகின்றன.

அந்த வீட்டின் ஒரு நாள் கணக்கு இது:

• ஹால் டி.வி.: 4கே தரத்தில் இரண்டரை மணி நேரம். மணிக்குச் சுமார் 7 ஜி.பி. என்றால் 17.5 ஜி.பி.

• இரண்டு கேமராக்கள்: ஒவ்வொன்றும் 1 எம்.பி.பி.எஸ். வீதம் நாள் முழுவதும் அனுப்பினால் 10.8 ஜி.பி. இரண்டுக்கும் 21.6 ஜி.பி.

• பாட்டு வகுப்புகள்: இரண்டு மணி நேரம், சுமார் 2 ஜி.பி.

• எல்லோருடைய போன்களும் மகனின் லேப்டாப்பும்: சுமார் 2.5 ஜி.பி.

மொத்தம் 43.6 ஜி.பி. ஆயிரத்தை இதால் வகுத்தால் 23-வது நாளில் தொட்டி காலி. தேதி பிசகாமல் வட்டம் சுற்றியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. வேகம் 2 எம்.பி.பி.எஸ். ஆகக் குறைந்த பிறகும் கேமராக்கள் ஓயவில்லை. மிச்சமிருந்த சின்னக் குழாயையும் அவையே அடைத்துக்கொண்டன. பாட்டு வகுப்புக்கு வழியே இல்லாமல் போனது அதனால்தான்.

வரம்பு தேவைதானா?

ஒரே கோபுரத்தின் அலைக்கற்றையையோ ஒரே கேபிளையோ பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருசிலரே அதிகமாக இழுத்தால் மற்றவர்களுக்குக் குறையும். அதனால் வரம்பு வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதம். ஏர் ஃபைபர் போன்ற வயர்லெஸ் இணைப்புகளில் இதில் நியாயம் உண்டு.

ஆனால், நெரிசல் என்பது இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் டி.வி. ஓடும்போது வருவது. காலை ஆறு மணிக்கு ஊரே தூங்கும்போது பாட்டு வகுப்பின் வேகத்தைக் குறைப்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன லாபம்? மாதக் கணக்கு வைக்கும் வரம்பு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

ஹூஸ்டன் மாணவியின் வீட்டுக்கும் இது புதிய கதை அல்ல. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பல மாநிலங்களில் மாதம் 1 டி.பி. என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 50 ஜி.பி.க்கும் 10 டாலர் வசூலித்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லோரும் வீட்டில் அடைந்தபோது அந்த வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்தும் வலைப்பின்னல் தாங்கியது. 'அப்படியானால் வரம்பு எதற்கு?' என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. 2024 அக்டோபரில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் இதுபற்றி விசாரணை தொடங்கியது. 2025-ல் காம்காஸ்ட் தன் புதிய வீட்டுத் திட்டங்களில் வரம்பை எடுத்துவிட்டது.

கேட்கும் உரிமை உண்டு

நம் நாட்டில் 2016 அக்டோபரில் டிராய் அமைப்பு பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மாத வரம்பு எவ்வளவு, அதுவரை என்ன வேகம், அதன்பின் என்ன வேகம் என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வரம்பை நெருங்கும்போதும் தாண்டும்போதும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். கம்பிவழி பிராட்பேண்டில் வரம்புக்குப் பிறகும் வேகம் 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழே போகக் கூடாது.

எனவே, புதிய இணைப்பு வாங்கும்போது 'எவ்வளவு வேகம்' என்பதோடு நிறுத்தாமல் 'எத்தனை ஜி.பி. வரை, அதற்குப் பிறகு எவ்வளவு' என்றும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வாங்கி வையுங்கள். சொன்னபடி நடக்கவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

• கேமராவில் மெமரி கார்டு போட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றுங்கள். காவலுக்கு அது போதும்.

• டி.வி. ஆப்களின் செட்டிங்ஸில் 4கே-யை ஹெச்.டி. ஆக்குங்கள். மணிக்கு 7 ஜி.பி. என்பது சுமார் 3 ஆகும். ஹாலில் எட்டடி தள்ளி உட்கார்ந்து நடுத்தர அளவு டி.வி. பார்ப்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

• படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். தாத்தா தூங்கிய பிறகும் டி.வி. மட்டும் விழித்திருக்க வேண்டியதில்லை.

• கம்ப்யூட்டர் கேம்களில் சில 100 ஜி.பி.யைத் தாண்டும். இறக்கும் முன் அளவைப் பாருங்கள்.

• உங்கள் மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பில்லில் பாருங்கள். எல்லோருக்கும் அது ஒன்றாம் தேதி இல்லை. 10-வது நாளிலும் 20-வது நாளிலும் ஆப்பைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அன்று மாலையே அப்பா இரண்டு மெமரி கார்டு வாங்கி வந்தார். கேமராவையும் டி.வி.யையும் மகன்தான் மாற்றி அமைத்தான். நாள் கணக்கு 43.6-லிருந்து சுமார் 13 ஜி.பி.க்கு இறங்கியது. பீரோ சாவியை அப்பா ஒன்றும் பேசாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அம்மா மட்டும், "தெரியாம திட்டிட்டேண்டா கண்ணா" என்றார். ஹூஸ்டனுக்கு விஷயத்தை விளக்கி, ஒரு மாதம் மட்டும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த மாதம் 23-ம் தேதி காலை ஆறு மணி. மாணவி ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும் நிற்காமல் பாடி முடித்தாள். வகுப்பு முடிந்து டீச்சர் ஆப்பைத் திறந்து பார்த்தார். சுமார் 290 ஜி.பி.தான் செலவாகியிருந்தது.

மகன் எட்டிப் பார்த்தான். "இவ்ளோ மிச்சம் இருக்கேம்மா. அந்த நூறு ஜி.பி. கேமை இறக்கிக்கட்டுமா?"

"பரீட்சை முடியட்டும்டா."