கெட்டி ஆயில் ஊற்றி லைட்டை அணைக்காதீங்க

மல்லாட்டை மூட்டையும் காய்கறிக் கூடையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுவது எங்கள் வீட்டு டீசல் அம்பாசிடர்தான். அந்தக் காரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் புது வண்டிக்குக் கடன் வாங்க மனசில்லை. போன வருஷம் எஞ்சினைப் பிரித்து முழுசா வேலை பார்த்தோம். ஒரு போகத்து மல்லாட்டைக் காசு அதிலேயே போனது.

மூன்றாவது வாரம், விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது ஆயில் லைட் எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்தது, விட்டால் எரிந்தது. வேலை பார்த்த மெக்கானிக், "கெட்டி ஆயிலா மாத்தி ஊத்துங்கண்ணே, லைட் போயிடும்" என்றார். லைட் போயிடும், சரி. நோய் போகுமா?

சொட்டுநீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். மோட்டார் தண்ணீரைத் தள்ளும், அவ்வளவுதான். நடுவில் எங்காவது குழாய் பிய்ந்திருந்தால் கடைசிச் செடிக்கு பிரஷர் வராது. எஞ்சினும் அப்படித்தான். பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளிதான் பிரஷரைப் பிடித்து வைக்கிறது. அது அகன்றுவிட்டால், சூட்டில் இளகின ஆயில் வழிந்து ஓடிவிடும். கெட்டி ஆயில் அந்த ஓட்டத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும். தேய்மானம் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

திண்டிவனத்தில் வேறொரு பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் எடுத்தவுடன் எதையும் பிரிக்கவில்லை. ஆயில் அளவைப் பார்த்தார். லைட் சுவிட்சே பழுதாக இருக்கலாம் என்று அதைக் கழற்றி, அந்த இடத்தில் முள் மீட்டரை மாட்டினார். எஞ்சின் ஆறியிருந்தபோது பிரஷர் நன்றாக இருந்தது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடானதும், ஐடிலில் முள் 5 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியது. 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு.

"ஆறினப்பவும் கம்மியா இருந்தா பம்பு, சம்ப்புல இருக்கிற வலை, ரிலீஃப் வால்வ் எல்லாத்தையும் பாக்கணும். சூட்டுல மட்டும் இறங்குதுன்னா முதல் சந்தேகம் பேரிங் மேலதான்" என்றார்.

சம்ப்பை இறக்கினோம். வலை சுத்தமாகத்தான் இருந்தது. பேரிங்கில் அளவு பார்க்கும் பிளாஸ்டிக் நூலை வைத்து இறுக்கி, கழற்றிப் பார்த்தார். சுமார் 0.05 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி, இரண்டு பேரிங்கில் 0.10ஐத் தாண்டியிருந்தது. கிராங்கைக் கடைந்தபோது கூடுதலாகத் தேய்த்துவிட்டார்கள். எஞ்சினை மூடும் முன் யாரும் அளந்து பார்க்கவில்லை. மறுபடி கடைசல், மறுபடி பேரிங், மறுபடி செலவு.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "எப்ப முடியும், எவ்வளவு ஆகும்" என்று கேட்ட நான், "அளந்தீங்களா" என்று கேட்கவில்லை. இலை மஞ்சளானால் உடனே யூரியா போடாதே, வேரைத் தோண்டிப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் நான்!

பழைய வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவது நமக்குக் கட்டுப்படியாகும். அளந்து செய்தால்தான் கட்டுப்படியாகும். எஞ்சினை மூடும் முன் கிராங்க் அளவையும் பேரிங் இடைவெளியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது, சூடான எஞ்சினில் மீட்டர் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வழியில் லைட் எரிந்தால், வீடு வரைக்கும் போயிடலாம் என்று ஓட்டாதீர்கள். அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள்.