பவர் டில்லரும் மணிக்கணக்கும்

மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவர் எவரும் அச்சுக்கு மை இடாமல் வண்டியை நெடுந்தூரம் ஓட்டத் துணிந்ததில்லை. மசகு வற்றினால் இரும்பு தேயும் என்பதை அவருக்கு ஒருவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. சக்கரமே கிரீச்சிட்டு அதனை அறிவித்துவிடும். பவர் டில்லரின் விஷயம் அவ்வாறன்று. அதன் தேய்மானம் மூடிய பெட்டிக்குள் நிகழ்கிறது. எஞ்சினின் இரைச்சலில் அதன் முறையீடு நம் காதில் விழுவதில்லை. விழும்போது காரியம் கைமீறியிருக்கும்.

நம் கிராமங்களில் இந்த யந்திரத்தை உடையவர்களிற் பலர் அதற்கு எண்ணெய் மாற்றுவதில்லை என்று கூறுவது நியாயமாகாது. மாற்றுகிறார்கள், ஆனால் மாதக் கணக்கிலோ, நினைவு வந்த நாளிலோ மாற்றுகிறார்கள். இதுவே தவறு. எண்ணெய் கெடுவது பெரும்பாலும் யந்திரம் ஓடிய மணிகளைப் பொறுத்தது. புதிய எஞ்சினில் முதல் 25 முதல் 50 மணிக்குள்ளும், பின்னர் ஏறக்குறைய 100 மணிக்கு ஒரு முறையும் எண்ணெய் மாற்றுவது பொதுவான விதி. தயாரிப்பாளரின் கைப்புத்தகம் வேறு அளவு கூறினால் அதனையே அனுசரிக்க வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி வீதம் உழுதால், 100 மணி என்பது 13 நாட்களில் தீர்ந்துபோகிறது. சாகுபடி மும்முரத்தில் ஒரே மாதத்தில் இரண்டு முறை எண்ணெய் மாற்ற நேரிடும். மாதம் ஒரு முறை என்று நம்பியிருப்பவர், வேலை மிகுந்த காலத்திலேதான் யந்திரத்தைக் கெட்ட எண்ணெயில் ஓட்டுகிறார்.

ஆகையால், ஒவ்வொரு பவர் டில்லருக்கும் ஒரு மணிக்கணக்குப் புத்தகம் வைப்பது அத்தியாவசியம் என்பது எமது அபிப்பிராயம். தேதி, ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், கண்ட குறை ஆகிய நான்கு பத்திகள் போதும். எழுதச் சிரமப்படுவோர் கொட்டகைச் சுவரில் மணிக்கு ஒரு கோடு இட்டு வரலாம். கணக்கு இருப்பதே முக்கியம். அதன் அழகு அன்று.

தினந்தோறும் செய்ய வேண்டியவை சிலவே. யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓய்ந்து சில நிமிஷங்கள் சென்றபின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைவு எவ்வளவு தீங்கோ, அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் அவ்வாறே தீங்கு. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும் யந்திரங்களில், புழுதி உழவின்போது அதனைத் தினமும் திறந்து பார்த்தல் வேண்டும். அவ்வழியே நுழையும் தூசி சிலிண்டரை அரம்போல் அராவும். கத்திகளின் போல்ட்டுகளை முடுக்குவதும், பெல்ட்டின் தளர்ச்சியைக் கவனிப்பதும் இதனோடு சேர்ந்தவை. பழைய எண்ணெயை எஞ்சின் சூடாயிருக்கும்போதே வடித்தால் அடியிலுள்ள கசடும் உடன் வெளியேறும். அதனை வாய்க்காலில் கொட்டலாகாது.

சேற்றுழவுக்கு இன்னும் அதிக சிரத்தை தேவை. கத்தித் தண்டில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் புல்லும் நாளடைவில் ஆயில் சீலைக் கெடுக்கும். அதன்வழியே சேற்று நீர் பெட்டிக்குள் புகும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்துக் காணப்பட்டால் நீர் கலந்துவிட்டது என்று அறியலாம். அப்பொழுது எண்ணெயை மாற்றுவது மட்டும் போதாது. சீலையும் மாற்ற வேண்டும். எஞ்சினை நிறுத்தாமல் கத்தியில் சிக்கியதை எடுக்க ஒருவரும் கைவைக்கலாகாது.

வாடகைக்கு விடப்படும் யந்திரங்களின் நிலை தனியே கவனிக்கத் தக்கது. உடையவர் ஒருவர், ஓட்டுபவர் மற்றொருவர், உழுவிப்பவர் வேறொருவர். மூவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பதால், பார்ப்பவர் இல்லாமற்போகிறார். இது ஓட்டுநரின் சோம்பலால் மட்டும் விளைவதன்று. ஏக்கர் கணக்கில் கூலி பெறுகிறவர், எண்ணெய் பார்க்கும் அரைமணியைத் தம் கூலியில் இழக்கிறார். அந்த அரைமணிக்கும் கூலி கொடுப்பதே உடையவருக்கு லாபம். கூட்டுறவுச் சங்கங்களும் வாடகை நிலையங்களும், மணிக்கணக்கு எழுதப்படாத யந்திரத்தை மறுநாள் வெளியே அனுப்புவதில்லை என்று விதி செய்துகொள்ளலாம். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தை உழவர் கூட்டங்களில் எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.

புத்தகமும் எண்ணெயும் வீண் செலவு என்பார் உளர். அவர்கள் குறுவைக் காலத்தை எண்ணிப் பார்க்கட்டும். டெல்டாவில் மேட்டூர் நீரை எதிர்பார்த்து நாற்று விட்டிருக்கையில், யந்திரம் பழுதாகி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தால் நாற்று காத்திராது. வயது மீறிய நாற்று தூர் கட்டுவது குறையும். முறை வைத்து விடப்படும் நீரும் நமக்காக நிற்பதில்லை. நஷ்டம் பட்டறைச் சீட்டோடு தீராமல் களத்து மேடு வரை வரும்.

அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12 ஆகும். அதற்கு முன்னரே எண்ணெய்களை மாற்றி, சீல்களைச் சோதித்து, புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியிட்டுத் தொடங்குபவருக்கு, நீர் வரும் நாளில் யந்திரத்தைப் பற்றிய கவலை இராது.