வெற்று நாற்காலியும் விதிப் புத்தகமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவர்

நாட்டுக்கு விடுதலை வேண்டும் என்று கேட்கிறது ஒரு கட்சி. தம்மை ஆள்வோரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்று மேடைதோறும் முழங்குகிறது. அந்தக் கட்சிக்கே அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி ஒரு நாள் எழுகிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? இருக்கின்ற தலைவரா? அவரைச் சுற்றி நிற்கும் நால்வரா? அல்லது கொடி கட்டி, சுவரொட்டி ஒட்டி, சிறைக்கும் சென்று வந்த தொண்டர்களா?

இது நான் கற்பனையாக எழுப்பும் கேள்வி அன்று. நம் சேலத்தில் பெயர் சூட்டப்பெற்ற ஓர் இயக்கத்தில் எழுந்த கேள்வி. 1949ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்த விடை அந்த இயக்கத்தையே இரண்டாக்கியது. எந்தக் கட்சிக்கும் பிரசாரம் செய்வது என் நோக்கமன்று. நடந்ததை எண்ணிப் பார்த்து, மாணவராகிய நாம் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரை.

1916இல் தோன்றிய நீதிக்கட்சி, 1938 டிசம்பரில் பெரியாரைத் தன் தலைவராக்கிக் கொண்டது. அப்போது அவர் இந்தி எதிர்ப்புப் போரில் சிறையில் இருந்தார். சென்னை மாநாட்டில் அவருடைய தலைமையுரையை ஏ.டி. பன்னீர்செல்வம் படித்தார். 1940 ஆகஸ்டில் திருவாரூரில் கூடிய மாநாடு, திராவிட நாடு தனிநாடாக வேண்டும் என்று தீர்மானித்தது. 1944 ஆகஸ்ட் 27ஆம் நாள் சேலம் மாநாட்டில் அக்கட்சி ‘திராவிடர் கழகம்’ எனப் பெயர் மாறிற்று. அண்ணாதுரை தீர்மானம் என்று வழங்கப்பெறும் தீர்மானம் நிறைவேறியதும் அங்கேதான். வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும். நியமனப் பதவிகளை விட்டு விலக வேண்டும். தேர்தலில் போட்டியிடக் கூடாது என்றது அத்தீர்மானம்.

பட்டம் தாங்கிய பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். பி.டி. இராசன் போன்றோர் பழைய பெயரிலேயே தனித்து நின்றார்கள். ஆனாலும் சேலத்தில் ஒரு நன்மை நடந்தது. செல்வர் கட்சியா, எளியோர் கட்சியா என்ற வழக்கு, பொது அவையில் தீர்மானமாக வைக்கப்பெற்று, எல்லார் கண்முன்னும் முடிவாயிற்று. தோற்றவர்களும் தாம் எதில் தோற்றோம் என்று அறிந்தே வெளியேறினார்கள்.

ஐந்தே ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார். மகிழ வேண்டிய நாள் என்றார் அண்ணா. தலைவருக்கும் தளபதிக்கும் இடையே விரிசல் விழுந்தது. எனினும் 1948இல் ஈரோட்டில் நடந்த மாநாட்டுக்கு அண்ணாவே தலைமை தாங்கினார். பெட்டிச் சாவியை அவரிடம் ஒப்படைப்பதாக மேடையிலேயே பேசினார் பெரியார். அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது என்றுதான் தொண்டர்கள் எண்ணியிருப்பார்கள். ஆனால் மேடைப் பேச்சு விதியாகிவிடுமா? விதிப் புத்தகத்தில் ஏறாத வாக்குறுதி காற்றோடு போகும்.

1949 மே மாதம் திருவண்ணாமலையில் பெரியார் இராஜாஜியைச் சந்தித்தார். ஜூலை 9ஆம் நாள் மணியம்மையாரை மணந்துகொண்டார். இயக்கத்தையும் அதன் பொருளையும் தமக்குப்பின் காக்க, நம்பிக்கைக்குரிய சட்டப்படியான வாரிசு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்த இயக்கத்தின் தலைவரே இதைச் செய்யலாமா என்று அண்ணாவும் அவரைச் சேர்ந்தவர்களும் கேட்டார்கள். வெளியேறியவர்களைக் ‘கண்ணீர்த் துளிகள்’ என்று ஏளனம் செய்தார் பெரியார்.

பலரும் இந்தப் பிளவைத் திருமணத்தால் வந்த பிளவு என்றே பேசுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. திருமணம் இருவரின் சொந்த விருப்பம். அதில் ஊர் தலையிட ஒன்றுமில்லை. பிளவின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அடுத்த தலைமை யாருக்கு என்பது தொண்டர்களின் கேள்வி. அதற்குச் சொத்துரிமைச் சட்டத்தில் விடை தேடியதுதான் குறை. சொத்தைக் காக்க வேறு வழி இல்லாமலா போயிற்று? 1952இல் பெரியார் சுயமரியாதைப் பிரசார நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. அந்த ஏற்பாடு 1949க்கு முன்பே செய்யப்பட்டிருந்தால், சொத்தின் காவல் வேறு, தலைமைத் தேர்வு வேறு என்று பிரித்துப் பேசியிருக்கலாமே!

பெரியார் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருதலையாகிவிடும். சீர்திருத்த இயக்கம் ஓட்டுக் கட்சி அன்று. அங்கே பதவி ஆசை புகுந்தால் கொள்கை வெளியேறிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் வீண் என்று யாரும் தள்ளிவிட முடியாது. பிரிந்து சென்றவர்கள் 1957இல் தேர்தலில் நின்றார்கள். 1963இல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். 1967இல் ஆட்சியைப் பிடித்தார்கள். தேர்தலில் நிற்காத திராவிடர் கழகமோ வீதியில் நின்றே சாதித்தது. வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தமிழகமெங்கும் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு இங்கே கிடைத்த இடத்துக்குப் பின்னால் அந்தக் கிளர்ச்சியும் இருக்கிறது. நன்றியை மறக்கவில்லை. நன்றியுள்ளவன் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லித்தர அந்த இயக்கம் தோன்றவுமில்லை.

பெரியார் 1973 டிசம்பர் 24இல் மறைந்தபின் மணியம்மையார் தலைமையேற்று, 1978இல் தாம் மறையும்வரை கழகத்தை நடத்தினார். அவர் தகுதியற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். ‘பெரியார் கொடுத்தார்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள் தேர்ந்தோம்’ என்று தொண்டர்கள் சொல்லியிருந்தால், அந்தத் தலைமையின் வலிமை இரட்டிப்பாகியிருக்கும் என்பதே என் வாதம். ஆய்வகத்தில் தரம் பார்த்தல் சோதனையில் ஒரே அளவீட்டை ஆசிரியர் ஏற்பதில்லை. மறுபடியும் செய்து ஒத்த அளவு வந்தால்தான் பதிவேட்டில் ஏறும். மாணவன் கண்ணில் ஐயம் என்பது அதன் பொருளன்று. எந்தக் கண்ணும் தவறலாம் என்பதே பொருள்.

நிற்க. பிரிந்து சென்றவர்கள் செய்தது என்ன? 1949 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள். அன்று சென்னைப் பவழக்காரத் தெருவில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. மறுநாள் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் கூட்டம். அண்ணா பொதுச் செயலாளரானார். தலைவர் நாற்காலி பெரியாருக்கு உரியது, அது காலியாகவே இருக்கும் என்று அறிவித்தார்கள். பண்பாடு மிக்க செயல்தான். தலைமைக்காகத் தம்பிகள் தமக்குள் மோதிக்கொள்ளாமலும் அது காத்தது. ஆயினும் வெற்று நாற்காலியைப் பார்த்து யார் கேள்வி கேட்பது? கணக்குக் காட்டு என்று அதனிடம் சொல்ல முடியுமா? தவறு செய்தால் மாற்ற முடியுமா?

அக்கட்சியைத் தழைக்கச் செய்தது பொதுச் செயலாளர் பதவி கைமாறிய முறையே என்பது என் துணிபு. 1956 திருச்சி மாநாட்டில், செல்வாக்கின் உச்சியில் இருந்த அண்ணா, தம்பி நெடுஞ்செழியனைத் தலைமை ஏற்க வருமாறு அழைத்தார். தாமே வளர்த்த கட்சியில் இன்னொருவர் கட்டளைக்குக் கட்டுப்பட முன்வந்தார். நாற்காலியைக் காலியாக வைத்த நாளைவிட, இருந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்த அந்த நாளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1961இல் திராவிட நாடு கைகூடாத கனவு என்று சொல்லி ஈ.வெ.கி. சம்பத் பிரிந்து, தமிழ்த் தேசியக் கட்சி கண்டார். 1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்தபோது அடுத்தவர் யார் என்ற கேள்வி மீண்டும் வந்தது. நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சரானார். ஒரு வாரத்தில் கருணாநிதி முதலமைச்சரானார். ஜூலை மாதம் கருணாநிதி கட்சித் தலைவராகவும் நெடுஞ்செழியன் பொதுச் செயலாளராகவும் அமைந்து உடன்பாடு ஏற்பட்டது. இருபது ஆண்டு காலியாக இருந்த நாற்காலி நிரம்பிற்று. யாருக்காக அது காத்திருந்ததோ, அந்தப் பெரியார் அன்று உயிரோடுதான் இருந்தார்! தேவை வந்தபோது மரியாதை ஒதுங்கி நின்றது. விதி இல்லாத இடத்தில் மரியாதை எத்தனை நாள் காவல் காக்கும்?

கடல் கடந்து பார்த்தாலும் இதே பாடம்தான். இலங்கைத் தமிழரசுக் கட்சியும் 1949 டிசம்பரில் பிறந்ததே. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் செய்த கூட்டணியில் அது முதன்மை பெற்றிருந்தது. இன்று கூட்டாட்சி கேட்கிறது. 2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் அக்கட்சித் தலைமைக்குப் போட்டி நடந்து வாக்கெடுத்தார்கள். சிறீதரன் 184, சுமந்திரன் 137. அடுத்த மாதமே வழக்கு நீதிமன்றம் ஏறி, மாநாடு நடத்தத் தடை வந்தது. “பார்த்தீர்களா, ஓட்டு வந்தால் சண்டைதான்” என்று சிலர் சொல்லக்கூடும். நான் மாறாகச் சொல்வேன். வாக்கெடுப்பு மட்டும் போதாது. எந்த அவை கூட வேண்டும், யாருக்கு வாக்கு உண்டு என்பதை எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து நாட்டின் விடுதலை கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 2023 மார்ச்சில் புதிய தலைவரைத் தேர்ந்தது. ஹம்சா யூசுப் 52 விழுக்காடும் கேட் போர்ப்ஸ் 48 விழுக்காடும் பெற்றார்கள். அங்கே பெரும் சச்சரவு எதில் வந்தது தெரியுமா? உறுப்பினர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில்! போட்டியாளர்கள் வற்புறுத்தியபின்தான் 72,186 பேர் என்ற உண்மை வெளிவந்தது. முன்பு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த தொகை அது. உண்மை எண்ணை மறைத்த பழியில் கட்சியின் தலைமை நிர்வாகியே பதவி விலகினார். வாக்குப் பெட்டிக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பால் ஊற்றுவோர் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் தாய், தன் பெயர் எத்தனையாவது என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டு எருமை வைத்திருப்பவருக்கும் இருபது மாடு வைத்திருப்பவருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியின் அருமை, அது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நம்முள் பலர் தறிக் குழியிலிருந்தும் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்தும் லாரிப் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள். நமக்குத் தந்தை வழியில் வந்த பதவி இல்லை. பரிந்து பேச ஆள் இல்லை. தலைமை என்பது வாரிசாலும் நியமனத்தாலும் கைமாறும் பொருளானால், அந்த வரிசையில் நம் முறை என்றைக்கும் வராது. விதி எழுதி வைக்கப்பட்டு, அது எல்லாருக்கும் ஒன்றாய் இருந்தால்தான் நம்முள் ஒருவர் மேலே வர முடியும். பரம்பரை இல்லாதவனுக்கு விதிப் புத்தகமே பரம்பரைச் சொத்து.

ஆகவே என் முடிவு இது. தலைவர் நலமாக இருக்கும்போதே அடுத்த தலைவரைத் தேரும் முறை எழுதப்பட வேண்டும். உறுப்பினர் பட்டியல் திறந்திருக்க வேண்டும். பதவிக்குக் காலவரை வேண்டும். தோற்றவர் கட்சியில் தொடர்ந்து இருக்க இடமும் வேண்டும். இவை இல்லாத கட்சி மக்களுக்கு விடுதலை வாங்கித் தருவேன் என்றால், முதலில் உன் தொண்டனுக்குக் கொடு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாளை நம்மில் சிலர் கட்சிகளில் சேர்வோம்; சிலர் சங்கங்களை நடத்துவோம்; பலர் வெறும் வாக்காளராக இருப்போம். அதற்குப் பழகும் களம் இங்கேயே இருக்கிறது. தமிழ் மன்றத்துக்கோ வேதியியல் கழகத்துக்கோ செயலாளரைத் தேரும்போது, “யார்?” என்று கேட்குமுன் “எப்படி?” என்று கேட்போம். நல்ல தலைவர் கிடைப்பது பேறு. நல்ல முறையை அமைத்துக்கொள்வதோ நம் கையில் இருக்கிறது.